எல்ம்: மலை ஓட்டை வழியே வெயில் விழும் ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரிக்குக்கு உறவினர்கள் வந்தால் யுங்ஃப்ராவ், டிட்லிஸ் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு "இன்னும் என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் எல்முக்குக் கூட்டிப்போவேன். போய் வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள்தான் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். 1881 பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், அதை இரண்டு வரியில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எல்ம் எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தின் கிழக்கே கிளாருஸ் என்று ஒரு சிறிய கன்டோன், நம்மூர் மாநிலம் மாதிரி. அதில் ஓடும் பெரிய ஆறு லிந்த். ஷ்வாண்டன் என்ற ஊரில் செர்ன்ஃப் என்ற சின்ன ஆறு வந்து லிந்தில் சேர்கிறது. அந்தச் சின்ன ஆற்றை ஒட்டியே மேலே ஏறினால் எங்கி, மாட், எல்ம் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். எல்ம்தான் கடைசி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம். அதைத் தாண்டி இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் விடும் சாலை கிடையாது. 3,158 மீட்டர் உயர ஹவுஸ்டாக், சார்டோனா, ஃபோராப் என்று சுற்றிலும் மலைகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் கிராவுபுன்டன் கன்டோனுக்குப் போக வேண்டுமானால் பனிக்ஸர் கணவாய், செக்னஸ் கணவாய் இரண்டும் உண்டு, இரண்டுமே நடந்து ஏற வேண்டியவை.

ஊரின் பரப்பு சுமார் 90 சதுர கிலோமீட்டர். கேட்டதும் பெரிய ஊர் என்று தோன்றும். பெரும்பகுதி பாறை, பனி, மேய்ச்சல் நிலம், காடு. வீடுகள் இருப்பது ஆற்றோரத்தில் ஒரு சிறு துண்டில்தான்.

எல்ம் தனி ஊராட்சியா?

2010 டிசம்பர் 31 வரை தனி ஊராட்சி, அவர்கள் மொழியில் கெமைன்டே. மறுநாளிலிருந்து கிளாருஸ் ஸூட், அதாவது தெற்குக் கிளாருஸ் என்ற பெரிய ஊராட்சியின் ஒரு பகுதி.

இது நடந்த விதம் சொல்லத் தகுந்தது. கிளாருஸில் இன்றும் லான்ட்ஸ்கெமைன்டே என்ற வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், வாக்குரிமை உள்ளவர்கள் எல்லோரும் தலைநகரில் திறந்த வெளியில் கூடி, கையில் இருக்கும் அட்டையை உயர்த்திச் சட்டங்களை முடிவு செய்வார்கள். யார் வேண்டுமானாலும் மேடை ஏறித் திருத்தம் சொல்லலாம். 2006இல், இருக்கிற 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு ஒரு திட்டத்தோடு வந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பத்து எதற்கு, மூன்று போதும் என்றார். கைகள் உயர்ந்தன, மூன்று என்றே முடிவாகிவிட்டது! அரசே எதிர்பார்க்காத முடிவு. அடுத்த ஆண்டு நவம்பரில் இதற்காகவே சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி வாக்கெடுத்தார்கள், அப்போதும் மூன்றுதான். 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று கிளாருஸ் ஸூட் பரப்பளவில் சுவிட்சர்லாந்தின் மிகப் பெரிய ஊராட்சி, 430 சதுர கிலோமீட்டர் அளவு. 2015இல் வேறொரு இணைப்பால் ஷ்குவோல் என்ற ஊராட்சி அதை முந்தியது.

ஊராட்சி போனால் ஊர் போய்விடுமா? எல்ம் மக்கள் இன்றும் எல்ம் மக்கள்தான். ஆனால் பள்ளிக்கூடம், சாலை, பனி அள்ளுவது என்று எல்லா முடிவும் இப்போது பதினேழு ஊர்களுக்குச் சேர்த்து எடுக்கப்படுகிறது. ஒரு மூலையில் இருக்கும் ஊருக்கு அது சின்ன மாற்றம் இல்லை என்பது என் எண்ணம்.

மலையில் ஓட்டை இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி வரிசையாக நிற்கும் சிகரங்கள் சிங்கெல்ஹோர்னர். அந்தச் சுவரில் ஏறத்தாழ 20 மீட்டர் அளவில் ஒரு ஓட்டை, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. பெயர் மார்ட்டின்ஸ்லோக், மார்ட்டினின் ஓட்டை.

ஆண்டில் இரண்டு முறை, மார்ச் 12, 13 தேதிகளிலும் செப்டம்பர் 30, அக்டோபர் 1 தேதிகளிலும், காலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இருக்கும்போதே ஓட்டை வழியாக ஒரு கற்றை வெயில் புறப்பட்டு ஐந்து கிலோமீட்டர் போல வந்து நேராக எல்ம் தேவாலயத்தின் மேல் விழும். ஊர் முழுக்க இன்னும் மலை நிழலில் இருக்கும், தேவாலயக் கோபுரம் மட்டும் பளிச்சென்று எரியும். இரண்டு நிமிடம் போல இருக்கும், அப்புறம் கற்றை நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான் சூரியன் மலைக்கு மேலே ஏறி வரும், ஆக ஒரே காலையில் இரண்டு முறை உதயம். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற சில நாட்களிலும் கற்றை விழும், ஆனால் தேவாலயத்தின் மேல் அல்ல, வயலிலோ வேறு வீட்டின் மேலோ.

ஊரில் சொல்லும் கதை: மார்ட்டின் என்ற புனிதர் இங்கே ஆடு மேய்த்தார். மலைக்கு அந்தப் புறத்து ஃப்ளிம்ஸிலிருந்து ஒரு ராட்சசன் ஆடு திருட வந்தான். மார்ட்டின் இரும்புப் பூண் போட்ட தன் கோலை வீசினார். ராட்சசன் தப்பிவிட்டான், கோல் பாறையில் பட்டு ஓட்டை விழுந்தது.

அந்த மலையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கிறதே, அது என்ன?

ஓட்டையைப் பார்க்கிற எல்லோரும் அதைத் தவற விடுவார்கள், நீங்கள் கவனித்தது நல்லது. ஓட்டைக்கு மேலே சிகரங்களின் குறுக்கே ஒரு கோடு, கத்தியால் வெட்டியது போல ஓடும். கோட்டுக்கு மேலே இருக்கும் பாறைக்கு வயது 25 கோடியிலிருந்து 30 கோடி ஆண்டு. கீழே இருப்பதற்கு 3.5 முதல் 5 கோடி ஆண்டுதான். அதாவது கிழவன் பேரனின் தோளில் உட்கார்ந்திருக்கிறான். ஆப்பிரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய நிலத்தட்டும் மோதி ஆல்ப்ஸ் எழும்பியபோது, பழைய பாறை ஒரு பெரிய பலகை போல, குறைந்தது 35 கிலோமீட்டர் தூரம், இளைய பாறையின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த அர்னால்ட் எஷர், இவ்வளவு பெரிய பாறை நகர்ந்திருக்கும் என்று சொல்லத் தயங்கி, இரண்டு பெரிய மடிப்புகள் எதிரெதிரே சரிந்ததால் வந்த தோற்றம் என்று விளக்கினார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஹைமும் அதையே பல ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தார். 1884இல் பிரெஞ்சுக்காரர் மார்செல் பெர்ட்ராண்ட், மடிப்பு இரண்டெல்லாம் இல்லை, ஒரே நகர்வுதான் என்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைம் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். 2008இல் இந்தப் பகுதி சார்டோனா என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. ஹைமின் பெயரை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலிலும் வருவார்.

1881இல் என்ன நடந்தது?

எல்முக்குப் பக்கத்து மலைச்சரிவில் நல்ல சிலேட்டுக் கல் இருந்தது. ஐரோப்பாவில் பள்ளிக்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிலேட்டு வேண்டும். 1868இல் வெட்டத் தொடங்கினார்கள். மாடு, ஆடு தவிர வேறு வருமானம் இல்லாத ஊருக்குக் கையில் காசு வந்தது. சிலேட்டுப் படிவம் மலைக்குள் சாய்ந்து போகிறது, அதைத் தொடர்ந்து இவர்களும் மலையின் அடியைக் குடைந்துகொண்டே போனார்கள். கடைசியில் சுமார் 180 மீட்டர் அகலத்துக்கு, 60 மீட்டருக்கும் மேல் ஆழமாக, மேலே இருக்கும் மலையைத் தாங்குவதற்குப் போதிய தூண் கூட விடாமல் ஒரு வெட்டு. மரத்தை வெட்டுபவன் அடியில் கோடரியால் பிளவு போடுவானே, அதேதான்.

மலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மேலே சரிவில் விரிசல் விட்டது, விரிசல் ஆண்டுக்கு ஆண்டு அகலமானது. 1881 கோடையின் கடைசியில் மழை விடாமல் பெய்தது. கற்கள் உருண்டு வந்தபடி இருந்ததால் செப்டம்பரில் குவாரி வேலையை நிறுத்தினார்கள். செப்டம்பர் 10, சனிக்கிழமை, அதிகாரிகள் வந்து ஏறிப் பார்த்தார்கள். உடனே ஆபத்து இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்தரை மணியை ஒட்டி முதல் சரிவு விழுந்தது. அடிவாரத்தில் உன்டர்டால் என்ற பகுதியில் சில வீடுகள் சிக்கின. மற்றவர்கள் ஓடிவந்தார்கள், சிலர் உதவிக்கு, சிலர் என்ன ஆயிற்று என்று பார்க்க. கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் கழிந்ததும் மறுபக்கத்திலிருந்து இரண்டாவது சரிவு. அதற்குப் பிறகு நான்கைந்து நிமிடம். மிச்சமிருந்த மலை முழுசாக இறங்கியது. மொத்தம் ஏறத்தாழ ஒரு கோடி கன மீட்டர் பாறை.

பார்த்தவர்கள் சொன்னதை எல்லாம் ஹைம் பிறகு வந்து ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி வைத்தார். விழுந்த பாறை குவாரியின் மேடையில் மோதி, அங்கிருந்து கிடைமட்டமாகக் காற்றில் பாய்ந்தது. பாறைக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது, அந்த இடைவெளி வழியே எதிர்ப்பக்கத்து வீடுகளைப் பார்த்தோம் என்றார்கள் சிலர். பலர் தப்பிக்க எதிரே இருந்த டூனிபெர்க் மேட்டில் ஏறி ஓடினார்கள், அதுதானே அறிவுள்ள காரியம். பாறை வெள்ளம் அந்த மேட்டிலேயே நூறு மீட்டர் போல ஏறி அவர்களைப் பிடித்தது. பிறகு திரும்பி, தண்ணீர் ஓடுவது போல, பள்ளத்தாக்கின் வழியே ஒன்றரை கிலோமீட்டர் ஓடி நின்றது. 90 ஹெக்டேர் போல நிலம் மூடப்பட்டது, 80க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. இறந்தவர்கள் 110க்கும் மேல். ஆயிரம் பேர் அளவில் இருந்த ஊரில், ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். பெரும்பாலோருடைய உடல் கூடக் கிடைக்கவில்லை.

காய்ந்த கல் தண்ணீர் மாதிரி ஓடும் என்பதை உலகம் புரிந்துகொள்ளத் தொடங்கியது ஹைமின் இந்தக் குறிப்புகளிலிருந்துதான். இன்றைக்கும் பெரும் பாறைச்சரிவு பற்றிப் படிப்பவர்கள் எல்முக்கு வந்தே ஆக வேண்டும்.

ஊரை விட்டு மக்கள் போய்விட்டார்களா?

இல்லை. தேவாலயமும் ஊரின் பழைய நடுப்பகுதியும் சரிவின் விளிம்புக்கு வெளியே தப்பின. கல்குவியலின் மேல் மண் போட்டுப் புல் வளர்த்தார்கள். இன்று அங்கே மாடு மேய்கிறது. மேடு பள்ளமாக, புல்லுக்கு நடுவே பெரிய கற்கள் தலை நீட்டும் அந்த நிலத்தில் நடக்கும்போது தெரியாதவர்களுக்கு அழகான மேய்ச்சல் நிலம், அவ்வளவுதான். நான் கூட்டிப்போகிறவர்களிடம் நடந்து முடித்த பிறகுதான் சொல்வேன்.

இந்தக் காலத்தில் இப்படி நடக்குமா?

மலை விழும். ஆனால் கவனிக்கும் முறை மாறியிருக்கிறது. வாலிஸ் கன்டோனில் பிளாட்டன் என்ற ஊரைப் பாருங்கள். 2025 மே மாதம் மேலே பாறை நகர்வதைக் கருவிகள் காட்டியதும் சுமார் 300 பேரையும் ஆடுமாடுகளோடு வெளியேற்றினார்கள். ஒன்பது நாள் கழித்து, மே 28 அன்று, பனிப்பாளமும் பாறையும் இறங்கி ஊரின் பெரும்பகுதியை மூடின. ஒருவர் இறந்தார். ஊர் போயிற்று, ஊர் மக்கள் இருக்கிறார்கள். எல்மில் விரிசல் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, அதை அளந்து தினமும் பார்க்கவும், "இன்றே கிளம்புங்கள்" என்று சொல்லவும்தான் ஆள் இல்லை.

சிலேட்டுத் தொழில் அதோடு முடிந்ததா?

முடியவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிற விஷயம். அந்தச் சரிவுக்குப் பிறகும் எல்மில் எழுதும் சிலேட்டு செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்தது, 1983 வரை ஓடியது. இப்போது அதே கட்டடம், அதே பழைய எந்திரங்களோடு காட்சிக்கு இருக்கிறது. முன்கூட்டியே சொல்லி வைத்தால் சுற்றிக் காட்டுவார்கள், கட்டாயம் போங்கள். கல்லை உளியால் தட்டித் தாள் தாளாகப் பிளப்பது, அளவாக வெட்டுவது, முகத்தை வழுவழுவென்று இழைப்பது, கோடு கீறுவது, மரச்சட்டம் மாட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. பக்கத்து ஊர் எங்கியில் மலைக்குள்ளேயே போகும் பழைய சுரங்கம் ஒன்றும் இருக்கிறது. இந்த வேலையில் கல்தூசி நெஞ்சில் படிந்து சீக்கிரம் இறந்துபோனவர்கள் நிறைய.

என் அம்மா ஒருமுறை இங்கே ஒரு சிலேட்டைக் கையில் எடுத்தார். கறுப்புக் கல், வெளுத்த மரச்சட்டம், ஒரு மூலையில் ஸ்பஞ்சு கட்டக் கயிறு போடும் துளை. நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார், வெள்ளைக் கோடு விழுந்தது. எச்சில் தொட்டு அழிக்கப் போனவர், மியூசியம் என்று ஞாபகம் வந்து கையை எடுத்துவிட்டார். "நான் 'அ' எழுதினது இதிலதான்" என்றார். அவர் எழுதிய கல் வேறு மலையுடையது, இருந்தாலும் பலப்பம் பிடித்த தலைமுறைக்கு எல்மைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ரஷ்யப் படை இங்கே வந்ததாமே?

1799 அக்டோபரில். பிரெஞ்சுப் படையோடு நடந்த போரில், தளபதி சுவோரோவ் இத்தாலியிலிருந்து கோட்ஹார்ட் வழியாகத் தன் படையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் வழி அடைபட்டு, மலை மலையாக ஏறி இறங்கி எல்முக்கு வந்து சேர்ந்தார். எழுபது வயதை நெருங்கியவர். அக்டோபர் 5 இரவு அவர் தங்கிய வீடு இன்றும் சுவோரோவ் வீடு என்றே இருக்கிறது. மறுநாள் 2,407 மீட்டர் உயரமுள்ள பனிக்ஸர் கணவாயைப் புதுப்பனியில் கடந்தார்கள். குளிரில் ஈட்டிக் காம்புகளை எரித்துக் குளிர் காய்ந்தார்களாம். ஆட்களும் பொதி மிருகங்களும் பள்ளத்தில் விழுந்தார்கள், பீரங்கிகள் மலையிலேயே போயின. வரலாற்றில் இதைப் பெரிய சாகசமாகச் சொல்வார்கள். எனக்கு எப்போதும் ஊர்க்காரர்கள் ஞாபகம்தான் வரும். குளிர்காலம் தொடங்கப் போகிறது, ஆயிரக்கணக்கான பசித்த சிப்பாய்கள் வந்து தங்கிப் போன பிறகு வீட்டில் தானியமும் வைக்கோலும் விறகும் என்ன மிஞ்சியிருக்கும்?

மக்கள்தொகை எவ்வளவு? கூடுகிறதா, குறைகிறதா?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். இப்போது அறுநூற்றுச் சொச்சம். ஒரே அடியாகக் குறையவில்லை. 1845இல் கிளாருஸ் கன்டோனில் பஞ்சமும் வேலையின்மையும் தாங்காமல், ஊராட்சிகளே பணம் போட்டு ஒரு கூட்டத்தை அமெரிக்காவுக்கு அனுப்பின. செர்ன்ஃப் பள்ளத்தாக்கிலிருந்தும் குடும்பங்கள் போயின. விஸ்கான்சினில் அவர்கள் அமைத்த ஊர்தான் நியூ கிளாருஸ், இன்றும் இருக்கிறது. அப்புறம் 1881. அதற்குப் பிறகு, எல்லா மலைக்கிராமங்களிலும் நடப்பது போல, படிக்கவும் வேலைக்கும் கீழே இறங்கிய இளம் பிள்ளைகளில் பலர் திரும்பி வரவில்லை.

இங்கே ஒரு விஷயம் நம் ஆட்களுக்கு எளிதில் புரியும். சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருக்காது, சொந்த ஊர் இருக்கும். தாத்தாவின் தாத்தா எந்த ஊர்க்காரரோ அந்த ஊர். எல்மர், ரைனர், சென்ட்னர் என்று யாராவது குடும்பப் பெயர் சொன்னால், அவர் சூரிக்கிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், வேர் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இங்கே குடியுரிமை வாங்கிய தமிழர்களின் பாஸ்போர்ட்டிலும் யாழ்ப்பாணம் இருக்காது, குடியுரிமை கொடுத்த சுவிஸ் ஊரின் பெயர்தான் சொந்த ஊராக இருக்கும்.

என்ன மொழி, என்ன மதம்?

ஜெர்மன், அதிலும் கிளாருஸ் பேச்சு. சூரிக்கில் ஜெர்மன் பழகியவர்களுக்கே முதலில் காதைத் தீட்ட வேண்டியிருக்கும். தேவாலயம் சீர்திருத்தத் திருச்சபையுடையது.

எதைச் செய்து பிழைக்கிறார்கள்?

மாடு, மேய்ச்சல், பாலாடைக்கட்டி இன்னும் உண்டு. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. ஊரிலிருந்து மேலே ஏறும் கேபிள் கார் இருக்கிறது, பெரிய கூட்டம் இல்லாத, குடும்பத்தோடு வரும் இடம். ஊருக்குப் பின்னால் விக்லனில் ராணுவப் பயிற்சித் திடல் இருக்கிறது. அப்புறம் தண்ணீர். எல்மர் சித்ரோ என்ற எலுமிச்சைச் சோடா சுவிஸ் கடை எதிலும் கிடைக்கும், இந்த ஊர் ஊற்றுநீரில் 1927இலிருந்து செய்யப்படுவது. எத்தனையோ பேர் அதைக் குடிக்கிறார்கள், எல்ம் ஒரு ஊர் என்று தெரியாமலே.

ஃப்ரேனி ஷ்னைடரைச் சொல்லாமல் விட்டால் எல்ம்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1964இல் இங்கே பிறந்தவர். பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம், உலகக் கோப்பைப் போட்டிகளில் 55 வெற்றிகள். 1988-89இல் ஒரே பருவத்தில் 14 வெற்றி பெற்றார். அந்தச் சாதனையை முறியடிக்க முப்பது ஆண்டு பிடித்தது.

எப்படிப் போவது? எப்போது போகலாம்?

சூரிக்கிலிருந்து ரயிலில் ஷ்வாண்டன், அங்கிருந்து எல்முக்குப் பஸ். 1905 முதல் 1969 வரை இந்தப் பள்ளத்தாக்கில் சின்ன ரயிலே ஓடியது, இப்போது பஸ்தான். ஊருக்குள் கார் தேவையில்லை. வெயிலில் கறுத்துப்போன பழைய மரவீடுகளைக் கெடுக்காமல் காப்பாற்றியதற்காக 1981இல், மலை விழுந்து சரியாக நூறாவது ஆண்டில், எல்முக்கு வாக்கர் பரிசு கிடைத்தது. தேவாலயத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தாலே ஏன் என்று புரியும்.

வேட்டைத் தடை செய்யப்பட்ட கேர்ப்ஃப் மலைப்பகுதி பக்கத்திலேயே இருக்கிறது. 1548இலிருந்து தடை, ஐரோப்பாவிலேயே மிகப் பழையது. காலையில் சீக்கிரம் ஏறினால் காட்டாடு கண்ணில் படலாம்.

மார்ட்டின்ஸ்லோக் வெயிலுக்காகப் போவதென்றால் முந்தின இரவே போய்த் தங்குங்கள், காலை முதல் பஸ்ஸை நம்பிப் போய் அவசரப்பட வேண்டாம். ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், மார்ச்சில் தேவாலய வாசலில் நிற்கும்போது கால் விரல் விறைத்துவிடும். கற்றை வரும்போது கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு தடவை திரும்பி மலையையும் பாருங்கள், கறுத்த சுவரில் அந்த ஓட்டை மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.